சாவி ரிமோட்டும் சின்னஞ்சிறு செல்லும்

சென்ற தை மாதம் ஒரு நாள் விடியற்காலை நான்கு மணி. மண்டியில் துவரம்பருப்பு லாரி வந்து நிற்கிறது. நாம் போய்த்தான் இறக்க வேண்டும். கார் அருகே நின்று சாவியின் பொத்தானை அழுத்துகிறோம், கதவு திறக்கவில்லை.

கடைப் பையனுக்குப் போன் செய்தோம். "முதலாளி, ரிமோட்டு ஓரத்துல சின்னப் பிடி இருக்கும், தள்ளிட்டு இழுங்க" என்றான். உள்ளேயிருந்து ஓர் இரும்புச் சாவி வந்தது. அதைக் கொண்டு கதவைத் திறந்தோம். "ரிமோட்டை ஸ்டார்ட் பொத்தானை ஒட்டி வச்சு அழுத்துங்க" என்றான். வண்டி கிளம்பிற்று. ரிமோட்டை எங்கே வைப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கிட்டே போனால்தான் கதவு திறந்தது. செல் தீர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நாம் கவனிக்கவில்லை.

மாற்றுவது கடினமல்ல. ரிமோட்டின் விளிம்பில் உள்ள பள்ளத்தில் துணி சுற்றிய திருப்புளியை வைத்து மெல்ல நெம்பினால் இரண்டாகப் பிரியும். பழைய செல்லின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து, புதியதை அதே போல வைக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

வணிகர்கள் கவனிக்க வேண்டியது எண்ணை. சி.ஆர். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். 2025-க்கு 2.5, 2016-க்கு 1.6. மூன்றும் 3 வோல்ட்தான், அகலமும் ஒன்றுதான். ஆனால் கனம் குறைந்ததைப் போட்டால் சரியாகப் பிடிக்காது. ஆகவே பழைய செல்லைக் கேட்டு வாங்கி, எண் பார்த்துக் கொடுங்கள்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். அன்று வீடு திரும்பிச் செல்லை மாற்றியதும் பழையதை மேஜைமேல் வைத்தோம். மூன்று வயதுப் பேரன் அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டான். மருமகள் பார்த்துப் பிடுங்கினாள். தெய்வம் காத்தது.

அந்தச் செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே சதையை அரித்துவிடும். தீர்ந்த செல்லிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மீதமிருக்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாமலும், குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியும் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். வேறெதுவும் கொடுக்கக் கூடாது. தேன் தேடி நேரத்தைப் போக்கவும் கூடாது.

அமெரிக்காவில் ஒரு குழந்தை இப்படி இறந்த பின், 2022-ல் இந்தச் செல்களுக்குக் குழந்தைகள் பிரிக்க முடியாத உறை வேண்டும் என்று சட்டமே வந்தது. நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அட்டையைக் கிழித்து உதிரியாக விற்காதீர்கள். மிட்டாய்ப் பாட்டில் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். பழைய செல்லின் இரு பக்கமும் டேப் ஒட்டிக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

லாபம் சில்லறைதான். ஆனாலும் நம் கையால் கொடுக்கும் சரக்கு. அதற்கு நாம்தான் பொறுப்பு.