அஸ்திவார மூலை உடைந்தால்

நெசவாளருக்கு வீடே தொழிற்கூடம். குடியானவருக்கு வீடே களஞ்சியம். ஆகவே அஸ்திவாரத்தின் ஒரு மூலை உடையுமாயின், அக்குறை குடும்பத்தின் பிழைப்பையே தொடுகிறது. அவ்வழியே புகும் ஈரம் தறிக்குழியில் ஊறும். நூலில் பூஞ்சை படரும். விதையின் முளைப்புத் திறன் குன்றும். அங்கத்தினர் பலர் இம்மூலையின்மேல் சாந்தைப் பூசி மறைப்பதையும், இரண்டொரு மழைக்குள் அப்பூச்சு உதிர்ந்துபோவதையும், சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால் நாம் கண்டு வருகிறோம். இதற்குச் சிமெண்டைக் குறை கூறுதல் பொருந்தாது. காரணத்தை நீக்காமல் பழுதை மட்டும் மூடுவதாலேயே அது மீண்டும் தலைகாட்டுகிறது.

காரணம் அறிதல்

கூரைநீர் மூலையருகே விழுந்து மண்ணை அரிப்பதும், வண்டிகள் மோதுவதும் யாவரும் அறிந்த காரணங்கள். உப்பினால் விளையும் கேட்டைப் பலர் அறியார். பருத்தி நூலில் சாயம் ஏறுதற்பொருட்டுத் தொட்டியில் கறியுப்பு இடுகின்றனர். அக்கழிவுநீர் சுவரோரம் தேங்கினால், உப்பு காங்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவானது இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடம் கொள்வதால், உள்ளிருந்து நெருக்கிக் காங்கிரீட்டைப் பெயர்த்துவிடும். மூலைக்கு இரு புறமும் திறந்திருத்தலால் அதுவே முதலில் கெடுகிறது. உர மூட்டைகளும் இத்தகையனவே. அம்மோனியம் சல்பேட் காங்கிரீட்டையே அரிக்கும்; பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு கம்பியைக் கெடுக்கும். மூட்டைகளைச் சுவரினின்று விலக்கிப் பலகைமேல் அடுக்குதல் நன்று.

முதற்கண் கூரைநீருக்கும் சாயநீருக்கும் வேறு வழி செய்தல் வேண்டும். அதன் பின்னரே உளியைக் கையிலெடுக்கலாம்.

எதனைத் தாமே செய்யலாம்?

மூலையினின்று வெடிப்பு சாய்வாகச் சுவரில் ஏறினாலும், கதவு நிலை கோணினாலும், கம்பி அரிபட்டு மெலிந்திருந்தாலும் பொறியாளரை அழைத்தல் இன்றியமையாதது. ஐயமிருப்பின், வெடிப்பின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை இரு முனைகளிலும் சாந்தால் பதித்துத் தேதியை எழுதி வைக்கலாம். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால் அஸ்திவாரம் இன்னும் அசைகின்றது என்பது தெளிவு. மேற்பரப்பு மட்டும் பெயர்ந்ததாயின், அங்கத்தினர் தாமே உள்ளூர்க் கொத்தனாரைக் கொண்டு செப்பனிடலாம்.

செய்முறை

இற்ற இழையில் முடிச்சு நில்லாது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. காங்கிரீட்டிலும் அவ்வாறே. சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளென ஒலிக்கும் பகுதி முழுவதையும் கொத்தி நீக்குக. ஓரங்கள் மெல்லிதாகச் சரிந்து முடியாமல், 25 மில்லிமீட்டர் ஆழமேனும் செங்குத்தாக இருத்தல் வேண்டும். துருவேறிய கம்பி தென்பட்டால், அதன் பின்புறமும் கொத்தி, கம்பித் தூரிகையால் துரு நீங்கத் தேய்க்க.

பின்னர்த் தூசியைக் கழுவி, இரவு முழுதும் ஈரச் சாக்கால் மூடி வைக்க. காலையில் பரப்பு ஈரமாயிருக்கலாம். நீர் தேங்கி நிற்கலாகாது. சிமெண்டுப் பாலைத் தூரிகையால் தேய்த்து, அது உலருமுன் கலவையை இட வேண்டும். ஆழம் குறைந்த இடத்திற்கு ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு சலித்த மணலும் போதும். ஆழமான பள்ளத்திற்கு 1:2:4 விகிதத்தில் சிறு ஜல்லி சேர்க்க. நீர் குறைவாக, பிடித்தால் உருண்டை நிற்கும் பதமே சிறந்தது. இரு பலகைகளை மூலைபோல் ஆணியடித்து, உட்புறம் எண்ணெய் தடவி அணைத்து வைத்து, கலவையை இறுகக் குத்தி நிரப்புக. சாயப்பட்டறை நீரும் உவர்நீரும் கலவைக்கு ஆகா.

இதன்பின் செய்ய வேண்டுவது நீராட்டல். ஈரச் சாக்குப் போர்த்தி 14 நாட்கள் காயாமல் காத்தல் நலம். இதிற் சோம்பினால் முன்செய்த உழைப்பனைத்தும் வீணாகும்.

கூட்டுறவின் பயன்

ஒரு மூலைக்குச் சில கிலோ சிமெண்டே தேவை. மூட்டையோ 50 கிலோ. பிரித்த மூட்டை ஈரம் உண்டு விரைவில் கட்டியாகும். எனவே ஒரு தெருவின் அங்கத்தினர் சிலர் ஒரே வாரத்தில் தத்தம் மூலைகளைச் செப்பனிட்டுக்கொண்டால், மூட்டையும் கொத்தனார் கூலியும் பங்காகிச் செலவு குறையும். ஒருவர் நீராட்ட இயலாத நாளில் அடுத்த வீட்டார் நீராட்டலாம்.

அங்கத்தினர் இவ்வாண்டு மழைக்கு முன்னர்த் தத்தம் வீட்டின் நான்கு மூலைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்களாக. சில கிலோ சிமெண்டில் முடியும் வேலைக்குப் பின்னாளில் கடன் மனு எழுத நேரிடாதிருக்க வேண்டுமென்பதே நமது விழைவு.