கட்டளை தவறா, பதிப்பு வேறா?

கணினி ஆய்வகத்தில் மாணவர் ஒருவர் பாடக்குறிப்பில் உள்ள கட்டளையை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்கிறார். திரையில் பிழைச்செய்தி வருகிறது. பக்கத்துக் கணினியில் அதே கட்டளை ஒழுங்காக இயங்குகிறது. மாணவர்மீது தவறு என்று முடிவு செய்யும் முன், அந்தக் கணினியில் எந்த ஷெல், எந்தப் பதிப்பு இயங்குகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

நாம் தரும் கட்டளையைப் படித்து, இயங்குதளத்திடம் வேலை வாங்கித் தரும் மென்பொருளே ஷெல். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் கமாண்ட் பிராம்ப்ட், விண்டோஸ் பவர்ஷெல் 5.1 இரண்டும் உடன் வருகின்றன. பவர்ஷெல் 7-ஐத் தனியாக நிறுவ வேண்டும், நிறுவினாலும் 5.1 நீங்காது. எனவே ஒரே கணினியில் மூன்றும் இருக்கலாம்.

இதனால் என்ன வேறுபாடு? இரு கட்டளைகளை && குறியால் இணைத்தால், முதலாவது வெற்றி பெற்றால் மட்டுமே இரண்டாவது இயங்கும். கமாண்ட் பிராம்ப்டிலும் லினக்ஸின் பாஷ் ஷெல்லிலும் இது செல்லும். பவர்ஷெல்லில் 2020இல் வந்த 7.0 பதிப்பில்தான் இவ்வசதி சேர்ந்தது. 5.1இல் பிழைச்செய்தியே கிடைக்கும்.

பதிப்பை அறியும் முறை (கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்க):

1. பவர்ஷெல்: வழக்கமாக வரியின் தொடக்கத்தில் ‘பிஎஸ்’ என்ற இரு எழுத்துகள் தெரியும். டாலர் குறியிட்டு, இடைவெளியின்றி ‘பிஎஸ்வெர்ஷன்டேபிள்’ என்று எழுதி என்டர் தட்டுக. பட்டியலில் ‘பிஎஸ்வெர்ஷன்’ என்ற வரியில் உள்ள எண்ணே பதிப்பு.

2. கமாண்ட் பிராம்ப்ட்: ‘வெர்’ என்ற மூன்றெழுத்துக் கட்டளை தருக. இது காட்டுவது விண்டோஸின் பதிப்பை என்பதை நினைவில் கொள்க.

3. பாஷ்: ‘எக்கோ’ என்று எழுதி, ஓர் இடம் விட்டு, டாலர் குறியை ஒட்டி, பெரிய எழுத்துகளில் ‘பாஷ்’, அடிக்கோடு, ‘வெர்ஷன்’ எனத் தருக. இப்போது இயங்கும் பாஷின் பதிப்பு கிடைக்கும். ‘பாஷ் --வெர்ஷன்’ என்ற கட்டளையும் உண்டு. ஆனால் கணினியில் இரண்டு பாஷ் இருந்தால், தேடும் பாதையில் முதலில் அகப்படுவதன் பதிப்பையே அது சொல்லும். நாம் பயன்படுத்துவது மற்றொன்றாக இருக்கலாம்.

செய்முறைத் தாள் தயாரிக்கும்போது, ஷெல்லின் பெயரையும் பதிப்பு எண்ணையும் முதல் வரியிலேயே குறித்துவிடலாம். கட்டளை இயங்காதபோது, பிழையைத் தன்னிடம் தேடுவதா, கணினியிடம் தேடுவதா என்று மாணவரே கண்டறிய அது உதவும்.