வலிக்கு முந்திய மருந்து

1882 ஜூலை 15 அன்று பெர்லின் லாசரஸ் மருத்துவமனையில் கார்ல் லாங்கன்புக் 43 வயதுக்காரர் ஒருவரின் பித்தப்பையை அகற்றினார். உலகில் அதுவே முதல் முறை. பல ஆண்டுகள் கல்வலியில் துடித்து மார்பினுக்கு அடிமையாகியிருந்த அந்த நோயாளி வீடு திரும்ப வாரக்கணக்கானது. இன்றோ, வலப்பக்க விலாவுக்குக் கீழே கீறித் திறந்து எடுத்த பிறகும், உடல்நிலை ஒத்துவரும் சிலரை அன்று மாலையே அனுப்பிவிடுகிறார்கள்.

கீறல் சுருங்கியது உண்மைதான். பதினைந்து சென்டிமீட்டர் வரை வெட்டிய இடத்தில், இயன்றவர்களுக்கு இன்று ஐந்தாறு சென்டிமீட்டர் போதும். ஆனால் அதைவிடப் பெரிதாக மாறியது வலியைக் கையாளும் முறை.

முன்பெல்லாம் வலி வந்த பிறகே மருந்து. நோயாளி முனகுவார், உடனிருப்பவர் நர்ஸைத் தேடிப் போவார். பூட்டிய அலமாரியைத் திறந்து, பதிவேட்டில் எழுதி, பெத்திடின் ஊசி போடுவதற்குள் வலி உச்சிக்கு ஏறியிருக்கும். ஊசிக்குப் பின் அரைத்தூக்கம், குமட்டல். அது தணிந்ததும் மீண்டும் முனகல். காயம் விலாவின் அடியில் என்பதால் ஆழ மூச்சிழுக்கப் பயம். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பாதி இருமல் இருமுவார்கள். சளி தேங்கும், காய்ச்சல் வரும், கட்டிலில் நாட்கள் கூடும்.

இன்று மருந்து வலிக்கு முந்திக்கொள்கிறது. ஒரே மருந்தை அதிகமாகக் கொடுக்காமல், வெவ்வேறு விதத்தில் வலியைத் தடுப்பவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் வழியை 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட் வலியுறுத்தினார். பாராசிட்டமால், அழற்சி தணிக்கும் மருந்து, குமட்டலையும் குறைக்கும் ஒரு டோஸ் டெக்சாமெதசோன். இவற்றோடு, அல்ட்ராசவுண்ட் திரையில் வயிற்றுச் சுவரின் அடுக்குகளைப் பார்த்தபடி, தசைகளுக்கு நடுவே பியூபிவகெய்ன் செலுத்துகிறார்கள். அந்தப் பக்கம் மணிக்கணக்கில் மரத்திருக்கும். மார்பின் வகை மருந்துகள் கடைசிக் கையிருப்பு. குமட்டல் குறைவதால் அன்றே கஞ்சி இறங்குகிறது. தலைசுற்றல் குறைவதால் அன்றே நடக்க முடிகிறது.

1985இல் ஜெர்மனியின் எரிக் மியூஹே தொடங்கிவைத்த துளைவழிப் பித்தப்பை அறுவைதான் இப்போது பெரும்பாலோருக்கு. அந்த வசதி இல்லாத ஊர்களிலும், அது கைகொடுக்காத வயிறுகளிலும் திறந்த அறுவை நீடிக்கிறது. கடும் அழற்சியோ இதயக் கோளாறோ இருந்தால் அன்றே வீடு என்ற பேச்சே இல்லை.

மிச்சமானது பல நாள் படுக்கை. போனது இரவுக் காவல். நள்ளிரவில் அன்று வார்டில் நர்ஸ் விழித்திருந்தார். இன்று வீட்டில், மரப்பு விடும் அந்த வேளையில், அலாரம் அடித்த செல்பேசியை அணைத்துவிட்டு மகள் எழுகிறாள். கண் மஞ்சளித்தாலோ காய்ச்சல் வந்தாலோ அழைக்க ஓர் எண், வேளை குறித்த மருந்துச் சீட்டு. வலிக்காவிட்டாலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அயர்ந்து தூங்குகிறார். எழுப்ப மனமில்லாமல், மாத்திரையும் தண்ணீருமாக மகள் ஒரு நிமிடம் நிற்கிறாள்.