மூடியைத் தூக்குங்கள், மியூரா வந்தாச்சு!

லம்போர்கினி மியூராவை முன்னால் நின்று ரசிக்க ஆயிரம் பேர் உண்டு. நாம் பின்பக்கம் போவோம், வாருங்கள்! தாழ்ப்பாளை விடுவித்தால் காரின் பின்பாதி முழுசாக ஒரே துண்டாய் மேலே எழும்புகிறது. அடேயப்பா! ஓட்டுபவரின் முதுகை ஒட்டியே 3.9 லிட்டர், 12 சிலிண்டர் என்ஜின், அதுவும் குறுக்குவாட்டில்! மேலே நான்கு வெபர் கார்புரேட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்.

இதை யோசித்தவர்கள் லம்போர்கினியின் பொறியாளர்கள் டல்லாரா, ஸ்டன்சானி, டெஸ்ட் டிரைவர் பாப் வாலஸ். மூவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை! வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து வரைந்தார்கள். 1965 டூரின் கண்காட்சியில் பாடியே இல்லாமல் வெறும் சேஸியை வைத்தார்கள். எடை குறைக்க அதில் எங்கு பார்த்தாலும் ஓட்டைகள். பெர்டோனே நிறுவனத்தின் இளைஞர் காந்தினி அதற்கு உருவம் கொடுத்தார். 1966 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் மேடையேறியபோது உள்ளே என்ஜினே இல்லை! எடைக்கு எதையோ வைத்து, மூடியைப் பூட்டிவிட்டார்கள்.

அவசரத்தில் பிறந்த அழகிக்குக் குறைகளும் இருந்தன. பந்தயத்துக்கான கார்புரேட்டர்கள் நெரிசலில் நின்றால் பெட்ரோலைத் தேக்கும். தீப்பிடித்த கார்களும் உண்டு. பெட்ரோல் டாங்க் முன்னால் இருப்பதால், அது காலியாகக் காலியாக மூக்கு லேசாகி, அதிவேகத்தில் மேலே தூக்கும். இடமில்லாமல் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒரே வார்ப்பில் அடக்கியதால் இரண்டுக்கும் ஒரே ஆயில். கியர் உதிர்க்கும் இரும்புத்தூள் நேராக என்ஜினுக்குப் போகலாம்!

திருத்தங்களைப் பாருங்கள், அங்கேதான் சுவாரஸ்யம். முதல் மாடலான பி400-இல் 350 குதிரைத்திறன். 1968-இல் வந்த எஸ்-இல் 370, கூடவே பவர் விண்டோ. 1971-இல் எஸ்வி: 385 குதிரைத்திறன், திருத்திய பின் சஸ்பென்ஷன், அகன்ற பின்சக்கரங்கள், அவற்றுக்கு இடம்விட்டுப் புடைத்த பின்புறம். ஹெட்லைட்டைச் சுற்றியிருந்த கறுப்பு இமைகள் பெரும்பாலான எஸ்வி-களில் போய்விட்டன.

பிந்தைய எஸ்வி-களில்தான் உச்சம்: என்ஜினுக்குத் தனி ஆயில், கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில்! இதுதான் ‘ஸ்ப்ளிட் சம்ப்’. எஸ்வி மொத்தமே சுமார் 150தான். அதனால்தான் சேகரிப்பாளர்கள் பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு, ‘ஸ்ப்ளிட் சம்ப்பா?’ என்று முதலில் கேட்கிறார்கள். ஆமாம் என்று பதில் வந்தால், கையிலிருப்பது மியூராக்களிலேயே மிகத் தேர்ந்த மியூரா!