பூவா தலையா பார்த்த பள்ளிகள்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறை. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அந்த ஆண்டுக்கு வந்திருந்த பள்ளி மானியம் 50,000 ரூபாய். நூறு பிள்ளைகளுக்கு மேல், இருநூற்றைம்பதுக்குள் படிக்கும் பள்ளிக்கு அவ்வளவுதான். சாக்பீஸ், கரண்ட் பில், ஒட்டு வேலை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

“பாத்ரூம்ல மூணு குழாய் ஒடஞ்சு கெடக்கு, மொதல்ல அதப் பாருங்க டீச்சர்” என்றார் ஓர் அம்மா. ஒருவர் ஸ்போக்கன் இங்கிலீஷுக்கு ஆள் வைக்கச் சொன்னார். மானியத்தில் சம்பளம் போட முடியாது என்று தலைமையாசிரியை விளக்கினார். இன்னொருவர் காம்பவுண்டு சுவர் கேட்டார். அந்தப் பணத்தில் சுவரா என்று டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோ ஓட்டும் அப்பா ஒருவர் மட்டும் பெரிய டிவியில் பிடிவாதமாக நின்றார். “பக்கத்து ஊர் ஸ்கூல்ல மாட்டியிருக்காங்க. அங்க புள்ளைங்க நல்லா படிக்குது.”

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் மனதில் தைத்தது. டிவி இருக்கிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் டிவியால்தான் படிக்கிறார்களா? இதைக் கண்டுபிடிப்பது எத்தனை கஷ்டம் என்பதற்கு மேற்குக் கென்யாவில் நடந்த ஒரு கதை இருக்கிறது.

அங்கே கேள்வி டிவி பற்றியதில்லை, சுவரில் தொங்கவிடும் படவிளக்க அட்டைகள் பற்றியது. அறிவியல், கணக்கு, புவியியல், சுகாதாரம் என்று பாடத்துக்குப் பாடம் வண்ணப் படங்கள், பக்கம் பக்கமாகப் புரட்டலாம். ஏற்கெனவே இந்த அட்டைகள் இருந்த பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அட்டை இருந்த பள்ளிகளில் மதிப்பெண் தெளிவாகக் கூடுதல். நம் ஆட்டோக்கார அப்பா சொன்ன அதே கணக்கு. பிறகு மைக்கேல் கிரெமர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேறு மாதிரி செய்தார்கள். 178 பள்ளிகளின் பெயரைப் பட்டியலாக அடுக்கி, ஒன்று விட்டு ஒன்றாகப் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் அட்டைகளைக் கொடுத்தார்கள். கொடுத்த பள்ளிக்கும் கொடுக்காத பள்ளிக்கும் மதிப்பெண்ணில் எந்த வித்தியாசமும் இல்லை.

அதே ஊர், அதே அட்டை, விடை மட்டும் நேரெதிர். எப்படி? தானாகவே அட்டை வாங்கி வைத்திருந்த பள்ளிகளில் வேறு பலதும் இருந்திருக்கும்: ஓடியாடி வேலை பார்க்கும் தலைமையாசிரியர், கொஞ்சம் வசதியான பெற்றோர். அட்டை அந்த வசதிகளோடு கூட வந்தது. பேர் வாங்கிக்கொண்டது அட்டை.

இப்படி ஒன்று விட்டு ஒன்றாகவோ, பூவா தலையா போட்டோ பிரிப்பதன் சூட்சுமம் இதுதான். சுண்டிவிடும் காசுக்கு எந்தப் பள்ளியில் நல்ல டீச்சர் இருக்கிறார், எந்தப் பிள்ளையின் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று தெரியாது. அதனால் பூ விழுந்த பக்கமும் தலை விழுந்த பக்கமும் எல்லா விதத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடும். ஆராய்ச்சியாளர் யோசிக்க மறந்த விஷயங்களில்கூட. பிறகு ஒரு பக்கம் மட்டும் முன்னேறினால், கொடுத்த பொருள்தான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். மருந்துக் கம்பெனிகள் மாத்திரையைச் சோதிப்பதும் இப்படித்தான்.

கென்யாவில் பாடப்புத்தகத்தையும் இப்படிச் சோதித்தார்கள். புத்தகம் கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் மதிப்பெண் கூடியது ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்கு மட்டும். மற்றவர்களால் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே முடியவில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டு மொழி ஒன்று, சுவாஹிலி ஒன்று, அதற்கும் பிறகு மூன்றாவதாக வருவது ஆங்கிலம்.

அடுத்து குடற்புழு மாத்திரை. 75 பள்ளிகள், சுமார் 30,000 பிள்ளைகள். பள்ளிக்கு வராமல் நிற்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரை விழுங்காத பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்தது. புழு முட்டைகள் மலத்தோடு மண்ணில் கலந்துதான் அடுத்த பிள்ளைக்குப் பரவுகின்றன. ஒருவன் வயிறு சுத்தமானால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தப்பிக்கிறான். ஆனால் பரீட்சை மதிப்பெண் கூடவில்லை. இந்த ஆய்வின் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தவர்களுக்கும் முதலில் போட்டவர்களுக்கும் 2015இல் பெரிய சண்டையே நடந்தது. அதற்குப் ‘புழுச் சண்டை’ என்று பட்டப்பெயரும் உண்டு. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரோடு கிரெமருக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது இந்த வகைச் சோதனைகளுக்காகத்தான்.

பெற்றோருக்கு இந்தச் சோதனைகள் பிடிக்காது. அதில் நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் வகுப்பின் அளவைச் சோதித்தார்கள். நான்கு ஆண்டுகளில் சுமார் 11,600 பிள்ளைகள். குலுக்கல் முறையில் சிலர் 13 முதல் 17 பேர் கொண்ட சின்ன வகுப்பில், சிலர் 22 முதல் 25 பேர் கொண்ட வழக்கமான வகுப்பில், சிலர் அதே பெரிய வகுப்பில் ஆனால் கூட ஓர் உதவி ஆசிரியரோடு. சின்ன வகுப்பு கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர் சும்மா இருப்பார்களா? புகார் கிளம்பியது. அடுத்த ஆண்டு வழக்கமான வகுப்பையும் உதவி ஆசிரியர் வகுப்பையும் மறுபடி குலுக்கிக் கலைத்தார்கள். கடைசியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் முந்தினார்கள். உதவி ஆசிரியரால் சொல்லும்படியான பலன் இல்லை. இதை நம்பி 1996இல் கலிபோர்னியா ஒரே மூச்சில் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளைச் சிறிதாக்கியது. திடீரென்று அத்தனை ஆசிரியருக்கு எங்கே போவது? பயிற்சி முடிக்காதவர்கள் வகுப்பறைக்குள் வந்தார்கள். ஏழைப் பகுதிகளில் இருந்த அனுபவசாலிகள் நல்ல இடம் காலியானதும் கிளம்பிவிட்டார்கள். டென்னசியில் நடந்தது உண்மை. ஆனால் டென்னசியின் ஆசிரியர்கள் கலிபோர்னியாவில் இல்லையே.

இவை எல்லாவற்றையும்விட என்னை அசர வைத்தது பிரிக்கப்படாத ஆந்திரத்தில் நடந்த ஒன்று. நம் கூட்டத்தில் பேசியது போன்ற பள்ளி மானியம்தான் விஷயம். பொருளியல் ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய கூட்டாளிகளும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கிராமப் பள்ளிகளுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 125 ரூபாய் கணக்கில் பணம் கொடுத்தார்கள். நோட்டு, பயிற்சிப் புத்தகம், எழுதுபொருள் வாங்கினார்கள். முதல் ஆண்டு மதிப்பெண் கூடியது. இரண்டாம் ஆண்டும் அதே பணம், அதே பொருள்கள். மதிப்பெண் கூடவில்லை.

என்ன நடந்தது? முதல் ஆண்டு பணம் வரும் என்று யாருக்கும் தெரியாது. பெற்றோர் வழக்கம்போல நோட்டு, பென்சில் வாங்கிவிட்டார்கள். பள்ளி கொடுத்தது அதற்கு மேல். இரண்டாம் ஆண்டு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. “ஸ்கூல்லயே குடுக்குறாங்க” என்று வீட்டில் செலவைக் குறைத்துக்கொண்டார்கள். வந்த மானியத்தின் பெரும்பகுதி இப்படி வீட்டுச் செலவில் ஈடாகிவிட்டது. பிள்ளையின் கையில் இருந்த நோட்டுகளின் எண்ணிக்கை கூடவில்லை. இதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பணம் அந்த வீட்டில் எண்ணெயாகவோ மருந்தாகவோ மாறியிருக்கும். மதிப்பெண்ணைத் தேடிப் போனவர்களின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எதுதான் பலித்தது? பார்த்தால் அற்பமாகத் தோன்றும் ஒன்று. பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்து, அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து சொல்லிக்கொடுப்பது. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து இதைச் செய்தது. மூன்றாம், நான்காம் வகுப்பில் தடுமாறிய பதினைந்து, இருபது பிள்ளைகள், தினம் இரண்டு மணி நேரம், சொற்பச் சம்பளம். மதிப்பெண் நன்றாகவே ஏறியது. நம் ஊரில் கொரோனாவுக்குப் பிறகு, 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர்கள் மாதம் 1,000 ரூபாய்க்கு மாலை வகுப்பு எடுத்தார்கள். கிராமத் தமிழகத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்பங்கு இந்த மாலை வகுப்புகளால் என்றும் கணக்கிட்டது. திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாய் விரித்து நடந்த வகுப்புகள்.

இதை எந்தப் பெற்றோரும் கூட்டத்தில் கேட்பதில்லை. கேட்க முடிவதும் இல்லை. கேட்க ஒரு குழு இருப்பது தெரிந்தால்தானே? உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் கிராமக் கல்விக் குழுக்களைப் பற்றி விசாரித்தபோது, நூற்றுக்கு 92 வீடுகளுக்கு அப்படியொரு குழு இருப்பதே தெரியவில்லை. குழு உறுப்பினர்களிலேயே நான்கில் ஒருவருக்குத் தான் உறுப்பினர் என்பது தெரியாது. நாங்கள் பதினோரு பேர் குட்டை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது பரவாயில்லை போலும்.

கூட்டம் முடிய ஐந்தரை ஆகிவிட்டது. குழாய் மூன்று, மின்விசிறி இரண்டு, பெயின்ட் என்று தீர்மானப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார் டீச்சர். டிவி அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அதுவரை வாயே திறக்காத ஓர் அம்மா கையெழுத்துப் போட எழுந்து வந்தவர் மெதுவாகக் கேட்டார். “எம்புள்ள நாலாவது டீச்சர். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். அதுக்கு எதாச்சும் இருக்கா?”

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். “சாயங்காலம் அர மணி நேரம் அவன இருக்கச் சொல்லுங்க. நான் பாக்குறேன்.”

அது பதிவேட்டில் ஏறவில்லை. அதற்குச் செலவுத் தலைப்பு கிடையாது.