சுழலும் சில்லு நிற்பதேன்?

பழைய கௌபோய்ப் படங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும், நேயர்களே. நான்கு குதிரைகள் பூட்டிய வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வரும். குதிரைகள் முன்னே ஓடும். வண்டியும் முன்னேதான் வரும். ஆனால் சில்லை மட்டும் உற்றுப் பார்த்தால் அது பின்னோக்கிச் சுழலும்! வேகம் சற்று மாறியதும் அதே சில்லு அசையாமல் நிற்கும். நின்றபடியே தரையில் வழுக்கிக்கொண்டு வரும். இதைக் கண்டு பக்கத்தில் இருந்த பெரியவரிடம் காரணம் கேட்ட பிள்ளைகள் பலர் இருப்பார்கள். "சும்மா படத்தைப் பார்" என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில்.

அந்தக் கேள்வியைப் பிள்ளைகளின் கேள்வி என்று நான் தள்ளிவிட மாட்டேன். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரின் கைவிரல்கள் கூட அதன் பதிலோடு தொடர்புபட்டவை. முதலில் சில்லின் கணக்கைப் பார்ப்போம்.

சினிமாக் கமரா ஓட்டத்தைப் பிடிப்பதில்லை. ஒரு செக்கனுக்கு 24 தனித்தனிப் படங்களைப் பிடிக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் நடந்தது அதற்குத் தெரியாது. இப்போது 12 ஆரைக்கால்கள் உள்ள ஒரு சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடையே 30 பாகை. சில்லு செக்கனுக்குச் சரியாக இரண்டு முறை சுற்றினால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது 30 பாகை திரும்பியிருக்கும். முதற் கால் இருந்த இடத்தில் இரண்டாவது கால் வந்து நிற்கும். எல்லாக் கால்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால், எது எங்கே போனது என்று கமராவும் அறியாது, நாமும் அறியோம். சில்லு நிற்கிறது என்று மனம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. சில்லின் குறுக்களவு ஒரு மீற்றர் என்றால், அந்த வேளையில் வண்டி மணிக்கு ஏறக்குறைய 23 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது!

வேகம் சிறிது குறைந்து 28 பாகை மட்டும் திரும்பினால்? 28 பாகை முன்னே போனது என்று எண்ணாமல், இரண்டு பாகை பின்னே வந்தது என்று எண்ணுவதே மனத்துக்குச் சுலபம். அருகில் உள்ளதையே அது பிடித்துக்கொள்ளும். ஆகவே சில்லு மெல்லப் பின்னோக்கி உருள்கிறது. ஒரேயொரு காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். துணி மட்டும் செக்கனுக்கு இருமுறை வட்டமிட்டு ஓடும்.

ஹெலிகொப்டர் ஒன்று சுழலாத இறக்கைகளோடு அந்தரத்தில் மிதப்பது போன்ற வீடியோப் படங்களைப் பலர் கண்டிருப்பீர்கள். கயிற்றில் கட்டிய பொம்மை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அங்கும் இதே கணக்குத்தான். ஐந்து இறக்கைகள், இடைவெளி 72 பாகை. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் செக்கனுக்கு ஐந்து. செக்கனுக்கு 25 படம் பிடிக்கும் கமராவுக்கு, ஒவ்வொரு படத்துக்கும் இறக்கைகள் சரியாக 72 பாகை நகர்ந்திருக்கும். ஆனால் இதற்கு நல்ல வெயிலும் வேண்டும். வெளிச்சம் கூடும்போது கமராவின் கதவு செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு நேரமே திறந்து மூடலாம். அந்த நேரத்துக்குள் இறக்கை இரண்டு பாகைகூட நகராது. ஆகவே கூர்மையாக விழும். மங்கிய பொழுதில் கதவு கூடிய நேரம் திறந்திருக்கும். இறக்கைகள் கரைந்து ஒரு தட்டுப் போலாகிவிடும்.

இந்த மயக்கத்தை ஆராய்ந்தவர்கள் சினிமாவுக்கு முன்பே இருந்தார்கள். இலக்கியத் தொடரின் நேயர்களாகிய உங்களுக்கு அவர்களில் ஒருவரின் பெயர் பழக்கமானதாக இருக்கும். ஆங்கிலச் சொற்களைப் பொருள் வாரியாக அடுக்கி, 1852இல் தெசோரஸ் என்ற நூலைத் தந்த பீற்றர் மார்க் ரொஜேதான் அவர். தொழிலால் அவர் ஒரு வைத்தியர். வேலிக் கம்புகளின் இடைவெளியூடாக வண்டிச் சில்லு உருண்டு போவதைப் பார்க்கும்போது, நேரான ஆரைக்கால்கள் வளைந்து தெரிவதேன் என்று 1824இல் லண்டன் றோயல் சொசைட்டிக்கு அவர் ஒரு விளக்கம் எழுதினார். இடைவெளி, காலின் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு கணத்திலே காட்டுகிறது. அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்கு வளைவு தோன்றுகிறது. இன்று கையடக்கத் தொலைபேசியால் விமானத்தின் முன்விசிறியைப் படம் பிடித்தால், அதன் அலகுகள் அரிவாள் போல வளைந்து விழுவதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்தக் கமரா படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிப்பதில்லை, வரிவரியாகப் பதிக்கிறது. கடைசி வரிக்கு வரும்போது விசிறி எங்கேயோ போய்விடுகிறது.

1831இல் மைக்கல் பரடே, ஓர் ஈயத் தொழிற்சாலையில் வேகமாகச் சுழன்ற இரண்டு பற்சில்லுகளை ஒன்றின் பின் ஒன்றாகப் பார்த்து, மங்கலான பற்கள் மெதுவாக நகர்வது போலக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தில் யோசப் பிளாட்டோ துளைகள் வெட்டிய ஒரு தட்டைச் செய்து, வரைந்த படங்களை ஆட வைத்தார். வியன்னாவில் ஸ்ராம்பர் என்பவரும் ஏறக்குறைய அதே வேளையில் அதையே செய்தார். ஸ்ரோபொஸ்கோப் என்ற பெயர் அவர் இட்டது.

இனி விரல்களின் விடயம். சில்லு நிற்பதாகத் தோன்றுவதற்குக் கமரா கட்டாயமில்லை. விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு ஒன்று போதும். நமது மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுக் கொண்ட ஆடலோட்டம். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை அது பூச்சியமாவதால், பழைய வகை ரியூப் லைற் செக்கனுக்கு நூறு முறை ஒளிர்ந்து மங்குகிறது. நம் கண்ணுக்கு இது தெரிவதில்லை. ஆனால் அதன் கீழே ஒரு கடைச்சல் இயந்திரம் நிற்கிறது என்று வையுங்கள். வேலைத்துண்டைப் பிடிக்கும் அதன் தலைக்கு நான்கு தாடைகள். நிமிடத்துக்கு 1,500 சுற்று. செக்கனுக்கு 25. நான்கால் பெருக்கிப் பாருங்கள்: நூறு! ஒளி ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு தாடை இருந்த இடத்தில் இன்னொரு தாடை. இரும்பு நிற்பது போலத் தெரியும். ஒளி முற்றாக அணைவதில்லை என்பதால் அந்தத் தோற்றம் சற்று மங்கலானது என்பது உண்மைதான். ஆனால் பக்கத்து இயந்திரங்களின் இரைச்சலில், களைத்த மனிதன் ஒருவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கையை நீட்டுவதற்கு அந்த மங்கல் தோற்றமே தாராளமாகப் போதும்.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர், மேலே எத்தனை ரியூப் லைற் எரிந்தாலும், இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண இழை மின்குமிழைக் கொளுவிய பிறகே வேலை தொடங்குவார். காரணம் கேட்டால், "அது பொய் சொல்லாது" என்பார். பௌதிகமும் அவர் பக்கம்தான். சூடேறிய இழை செக்கனில் நூறிலொரு பங்குக்குள் ஆறிவிடுவதில்லை. ஒளி மிகக் குறைவாகவே ஏறி இறங்கும். பெரிய தொழிற்சாலைகளில் விளக்குகளை மூன்று கட்டங்களிலும் பிரித்து இணைப்பார்கள். ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிரும். இலத்திரனியற் சாதனம் பூட்டிய புதிய ரியூப் லைற்றுகள் செக்கனுக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் துடிப்பதால் இந்த ஆபத்து அவற்றில் இல்லை. எல்ஈடி விளக்குகள் எல்லாம் அப்படியல்ல. மலிவானவற்றில் சில, பழைய ரியூப் லைற்றை விட மோசமாகத் துடிக்கும்.

இதே மயக்கத்தை மனிதன் தனக்கு வேலைக்காரனாக்கியும் இருக்கிறான். இசைத்தட்டுச் சுழற்றிகள் சிலவற்றின் விளிம்பிலே புள்ளிகள் வரிசையாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்கு, நமது மின்சாரத்தில் 180 புள்ளிகள். பக்கத்திலுள்ள சிறுவிளக்கில் புள்ளிகள் நின்றால் வேகம் சரி. முன்னே ஊர்ந்தால் பாட்டு விரைகிறது. பின்னே ஊர்ந்தால் பாடகரின் குரல் கனக்கிறது. பழைய கார்களைத் திருத்துவோர் வைத்திருக்கும் டைமிங் லைற்றும் இந்த இனத்ததே. முதலாம் சிலிண்டரின் பிளக்கில் பொறி பறக்கும்போதெல்லாம் அது மின்னும். ஓடும் எஞ்சினின் கப்பியில் உள்ள வெள்ளைக் கோடு நின்று காட்டும். ஆனால் பக்கத்தில் சுழலும் விசிறியையும் அந்த விளக்கு மெதுவாக நகர்வது போலக் காட்டிவிடும் என்பதை மெக்கானிக் மறக்கக்கூடாது.

உங்கள் வீட்டு விளக்கு எந்த வகை என்று அறிய ஒரு பேனை போதும். இரவில் அந்த ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, பேனையை அதன் கீழே வேகமாக இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். பேனை ஒரே புகை போல இழுபட்டால் விளக்கு சீராக எரிகிறது. விசிறி மட்டை போலப் பல பேனைகள் தனித்தனியே தெரிந்தால், அந்த விளக்கைக் கடைச்சல் இயந்திரத்துக்கு மேலே மட்டும் மாட்டிவிடாதீர்கள்.