ஒற்றை ஸ்வரத்தைப் பிரித்துப் பார்த்த பாரிஸ் இளைஞர்கள்!

கச்சேரிக்கு முன்பு தம்புராவில் சுருதி சேர்ப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மீட்டுவது ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும்தான். ஆனால், சுருதி சுத்தமாகச் சேர்ந்துவிட்டால், யாருமே மீட்டாத அந்தர காந்தாரம் ஒன்று மெல்லக் காதில் விழும். எங்கிருந்து வருகிறது அது? ஒரு தந்தி முழு நீளமாக மட்டும் அதிர்வதில்லை. இரண்டு பாகமாக, மூன்று பாகமாக, ஐந்து பாகமாகவும் ஒரே சமயத்தில் அதிர்கிறது. நாம் ஒரு ஸ்வரம் என்று நினைப்பது உண்மையில் ஒரு கூட்டம்!

அந்தக் கூட்டத்தை ஒலியியல் கருவிகளின் உதவியோடு பிரித்துப் பார்த்து, 1970-களில் பாரிஸ் இளைஞர்கள் சிலர் உருவாக்கியதுதான் ‘ஸ்பெக்ட்ரல் மியூசிக்’.

அன்றைய ஐரோப்பிய நவீன இசையில் கணக்குதான் ராஜா. பன்னிரண்டு ஸ்வரங்களை வரிசைப்படுத்தி, அதைத் தலைகீழாக்கி, பின்னோக்கித் திருப்பி எழுதுவார்கள். தாளில் எல்லாம் சரியாக இருக்கும். கேட்பவர் காதுக்குத்தான் எட்டாது. மெஸ்ஸியானின் மாணவர்களான ஜெரார் கிரிஸேயும் திரிஸ்தான் முராயும் இதில் சலித்துப்போனார்கள். நண்பர்களோடு சேர்ந்து 1973-ல் ‘லிதினெரேர்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள்.

கிரிஸே 1975-ல் எழுதிய ‘பார்சியெல்’, 18 கலைஞர்களுக்கானது. டபுள் பேஸின் அடித்தந்தி, நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும் ஸ்வரத்தைக் கரகரவென்று இழுக்கிறது. டிராம்போன் சேர்ந்துகொள்கிறது. பிறகு வயலின், புல்லாங்குழல் எல்லாம் ஒவ்வொன்றாக நுழைகின்றன. அவை வாசிப்பது மெட்டு அல்ல; டிராம்போன் ஒலிக்குள் ஒளிந்திருக்கும் இழைகளை, ஆளுக்கு ஒன்றாக! அவற்றில் சில, பியானோ கட்டைகளில் கிடைக்காத ஸ்வரங்கள். மூச்சை இழுத்து விடுவதுபோல இது திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கலங்கி, இரைச்சலை நோக்கி நகர்கிறது. கடைசியில் கலைஞர்கள் தாள்களைச் சரசரவென்று புரட்டி, வாத்தியங்களை மூட்டை கட்டுகிறார்கள். ஒருவர் பெரிய ஜால்ராவை ஓங்குகிறார். அடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும். குறும்புக்காரர்தான்!

எல்லோருக்கும் பிடிக்குமா? சந்தேகம்தான். முணுமுணுக்க மெட்டு கிடையாது, தொடையில் தட்டத் தாளமும் கிடையாது. செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிடாதீர்கள், அடிநாதமே விழாது. ஹெட்போனில், இருட்டில் கேளுங்கள். பத்தாவது நிமிடத்தில் உங்கள் காது வேறு காதாகியிருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

1980-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இவர்களின் இசையைக் கேட்ட ஃபின்லாந்துப் பெண் காய்யா சாரியாஹோ, பாரிஸுக்கே குடிபெயர்ந்துவிட்டார். அவருடைய ஓபரா 2016-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மேடையேறியது. ஒரு பெண் எழுதிய ஓபரா அங்கே அரங்கேறியது 1903-க்குப் பிறகு அப்போதுதான்! இன்றைக்குப் புதிய இசை எழுதும் பலர், இந்தப் பெயரைச் சொல்லாமலே இந்த வழியைக் கையாள்கிறார்கள். கிரிஸேவுக்கும் அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அவர் கடைசியாக எழுதி முடித்தது, மரணத்தின் வாசலைக் கடப்பது பற்றிய நான்கு பாடல்கள். அவற்றின் முடிவில் வருவது ஒரு தாலாட்டு. 1998 நவம்பரில், 52 வயதில், திடீரென்று இறந்துபோனார். பாடல்கள் 1999-ல் லண்டனில் அரங்கேறின.